பாய்மரப் படகில் கம்போஸ்ட் கழிப்பறை: பொருத்துவது முதல் காலி செய்வது வரை

பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்குகிறவர்களுக்குக் கூடவே வந்து சேர்கிற தலைவலி, அதில் இருக்கும் கடல்தண்ணீர்க் கழிப்பறை. கைப்பம்பை அடித்தால் கடல்தண்ணீர் உள்ளே வரும், தொடர்ந்து அடித்தால் எல்லாம் தொட்டிக்குப் போகும், தொட்டி நிறைந்தால் படகுத்துறையில் போய் உறிஞ்சி எடுக்க வேண்டும். இதற்காகப் படகின் அடிப்பகுதியில் துளைகள், துளைக்கு ஒரு வால்வு, நீளமான ஓஸ்கள், தொட்டிக்குத் தனியாக ஒரு காற்றுக்குழாய். ஒவ்வொரு இணைப்பும் ஒழுகக்கூடிய இடம். உள்ளே இழுத்த கடல்தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஓஸுக்குள்ளேயே செத்து அழுகும். ஒரு வாரம் பூட்டி வைத்த படகைத் திறந்ததும் அடிக்கிற அழுகிய முட்டை நாற்றம் பெரும்பாலும் அதுதான். வெளியேறும் ஓஸிலோ சிறுநீரும் உப்புத்தண்ணீரும் சேர்ந்து சுண்ணாம்பாகப் படிந்து, ஒருநாள் அடைத்தே போகும்.

கம்போஸ்ட் கழிப்பறை இதையெல்லாம் ஒரே வீச்சில் எடுத்துவிடுகிறது. தண்ணீர் இல்லை, பம்பு இல்லை, ஓஸ் இல்லை, தொட்டி இல்லை. ஆனால் அதற்குப் பதிலாக உங்கள் கையால் செய்ய வேண்டிய வேலைகள் சில வருகின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு வாங்குவதுதான் நல்லது.

வேலை செய்வது எப்படி

உள்ளே ஒன்றும் பெரிய நுட்பம் கிடையாது. உட்காரும்போது முன்பக்கம் விழும் சிறுநீர் இரண்டு துளைகள் வழியாக ஒரு பாட்டிலுக்குப் போகிறது. பின்பக்கம் விழும் மலம் கீழே ஒரு டிரம்முக்குப் போகிறது. டிரம்மில் ஈரப்பதமான கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இருக்கும். பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி மலத்தைக் கோகோபீட்டோடு கலந்துவிடும். ஒரு சின்ன 12 வோல்ட் ஃபேன் டிரம்மின் காற்றை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும்.

கழிப்பறை நாற்றத்தில் பெரும்பகுதி மலமும் சிறுநீரும் கலப்பதால் வருவது. மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. ஈரம் அதிகமாகிக் காற்று புகாமல் போனால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்துகொள்ளும். இரண்டையும் பிரித்து, மலத்தை ஓரளவு காய விட்டுவிட்டால் மிஞ்சுவது மண் வாசனை மாதிரி ஒன்றுதான். பொருத்துவதிலும் பயன்படுத்துவதிலும் இனி நான் சொல்லப்போகும் எல்லாம் இந்த ஒரே காரியத்துக்காக: டிரம்முக்குள் ஈரம் போகக்கூடாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். படகில் இருக்கும் அந்தச் சின்ன டிரம்மில் மலம் முழுதாக உரமாவதில்லை. நல்ல உரக்குழியில் உள்சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும், அந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமிகள் சாகும். இருபது லிட்டருக்குள் அடங்கும் டிரம் அப்படிச் சூடாகாது. மூன்று வாரத்தில் நீங்கள் வெளியே எடுப்பது பார்க்க மண் மாதிரி இருக்கும், ஆனால் கிருமி உயிரோடு இருக்கும் பாதி மக்கிய மலம். அதை அப்படித்தான் கையாள வேண்டும்.

வாங்கும் முன் சட்டம்

அமெரிக்கக் கரையிலிருந்து மூன்று கடல்மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்குள், சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடக்கூடாது. சில இடங்களில் சுத்திகரித்ததையும் விடக்கூடாது. சியாட்டில் நகரை ஒட்டிய ப்யூஜெட் சவுண்ட் கடல்பகுதி 2018 மே மாதத்திலிருந்து அப்படிப்பட்டது. ஸ்வீடனில் 2015 ஏப்ரல் 1 முதல் சொந்தப் படகுகள் கழிவறைக் கழிவைக் கடலில் கொட்டுவதற்கே தடை.

இதில் புதியவர்கள் நிறையப் பேர் தவறாக நினைப்பது சிறுநீரைப் பற்றி. "வெறும் மூத்திரம்தானே, பாட்டிலைக் கடலில் கவிழ்த்துவிடலாம்" என்று நினைக்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் மனித உடற்கழிவு எல்லாமே கழிவுதான், சிறுநீரும் அதில் சேர்த்தி. பாட்டிலைக் கரைக்கு எடுத்துப்போய்க் கழிப்பறையில் ஊற்ற வேண்டும். மூடி இறுக்கமாக இருக்கும் பாட்டிலாகப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான். படகுத்துறை நடைபாலத்தில் நாலு பேர் எதிரே வரும்போது கையில் இருப்பது சிந்தாமல் இருக்க வேண்டும்.

எதை வாங்குவது

படகுகளில் அதிகம் பார்க்கிற பெயர்கள் நேச்சர்ஸ் ஹெட், ஏர் ஹெட், சி-ஹெட். விலை ஆயிரம் டாலரை ஒட்டி இருக்கும். நேச்சர்ஸ் ஹெட்டில் பாட்டிலை எடுக்க மேல்பாகத்தைத் தூக்க வேண்டும். ஏர் ஹெட்டில் பாட்டில் முன்னாலேயே கழன்று வரும். தினமும் செய்கிற வேலை இது என்பதால் இந்த வித்தியாசம் சின்னதல்ல. பிளைவுட் பெட்டி, வாளி, சிறுநீர் பிரிக்கும் தட்டு என்று சொந்தமாகச் செய்பவர்களும் உண்டு. கைவேலை தெரிந்தவருக்கு அது மோசமில்லை, ஆனால் பெட்டியின் மூடி காற்றுப் புகாமல் உட்கார வேண்டும்.

வாங்கும் முன் அட்டையில் அதே அளவுக்கு ஒரு மாதிரிப் பெட்டி வெட்டி, கழிப்பறை இடத்தில் வைத்துப் பாருங்கள். இவை சுமார் அரை மீட்டர் உயரம், பழைய கழிப்பறையைவிட உயரமானவை. உட்கார்ந்தால் தலை இடிக்கிறதா, கால் தரையில் படுகிறதா, கைப்பிடி முழுச் சுற்றுச் சுற்ற இடம் இருக்கிறதா, கழிப்பறை மூடியைப் பின்னால் சாய்த்தால் படகின் பக்கச் சுவரில் முட்டுகிறதா, கதவு மூடுகிறதா? முப்பது அடிக்குக் குறைந்த படகுகளில் பக்கச் சுவர் உள்ளே வளைந்து வருவதால் கடைசி இரண்டில்தான் சிக்கல் வரும்.

எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்பதையும் இப்போதே யோசியுங்கள். பாய்மரப் படகு காற்றில் சாய்ந்துகொண்டேதான் ஓடும். படகின் குறுக்கே பார்த்துக் கழிப்பறையை வைத்தால், ஒரு பக்கச் சாய்வில் அதன் முன்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும், சிறுநீர் பின்னால் ஓடி டிரம்முக்குள் விழும். இடம் இருந்தால் முன்னோக்கியோ பின்னோக்கியோ உட்காரும்படி வைப்பதே மேல்.

பழையதைக் கழற்றுதல்

தொட்டியை உறிஞ்சி எடுக்கச் சொல்லிவிட்டு, நல்ல தண்ணீரை இரண்டு மூன்று முறை பம்பு வழியாக ஓட்டி, மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். அப்புறம் அடி வால்வுகளை மூடுங்கள். ஓஸைக் கழற்றும்போது எவ்வளவு கழுவியிருந்தாலும் ஏதாவது ஒழுகும். பழைய துண்டு, வாளி, கையுறை எல்லாம் பக்கத்திலேயே இருக்கட்டும்.

படகு தண்ணீரில் இருக்கும்போது அடியில் உள்ள துளையை அடைக்க முடியாது. வால்வை மூடி, அதன் வாயில் திருகுமூடி போட்டு இறுக்கி, அடுத்த முறை படகைக் கரையேற்றும்வரை அப்படியே விடுங்கள். கரையேற்றியதும் வால்வை எடுத்துவிட்டு, துளையைச் சுற்றிப் படகுச் சுவரின் தடிமனைப் போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, ஃபைபர்கிளாஸும் எபாக்ஸியும் அடுக்கடுக்காக வைத்து மூட வேண்டும். முன் அனுபவம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையைக் கூலிக்குக் கொடுங்கள். தண்ணீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஓட்டை அது.

பொருத்துதல்

தரை மட்டமாக இல்லாவிட்டால் கெட்டியான பிளைவுட்டில் ஒரு மேடை செய்து, எபாக்ஸி பூசி, தரையோடு ஒட்டிவிடுங்கள். கழிப்பறையைப் பிடிக்கும் இரும்புக் கவ்விகள் அதன் மேல். கடல்படகு என்றால் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள்தான். அடியில் கை எட்டும் இடமாக இருந்தால் அகலமான வாஷரோடு நட்டுப் போட்டு முறுக்குங்கள். புயலில் படகு முழுக்கச் சாய்ந்தாலும் உள்ளே இருக்கும் பத்துப் பதினைந்து கிலோ கழன்று ஓடக்கூடாது.

துளையிடும் முன் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். சில படகுகளில் தரைக்குக் கீழே விரலளவு இடைவெளிதான், அதற்கும் கீழே கடல். டிரில் பிட்டில் வேண்டிய ஆழத்துக்கு அடையாளமாக டேப் சுற்றிக்கொண்டால் அதற்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொள்ளலாம். போட்ட ஒவ்வொரு துளையிலும் பசை வைத்து அடையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் மரம் உளுத்துப் போகும்.

அடுத்தது காற்றுக்குழாய். பலர் அலட்சியமாகச் செய்வதும், பிறகு "நாறுகிறது" என்று புலம்புவதும் இங்கேதான். ஓஸ் சுமார் ஒன்றரை அங்குல விட்டம், முடிந்தவரை குட்டையாக, மேல்தளத்துக்கு ஏறியபடியே போக வேண்டும். நடுவில் தொங்கல் இருந்தால் அங்கே நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும், காற்று நிற்கும். மேல்தளத்தில் அலைத்தண்ணீர் புகாத மூடி போடுங்கள். அதைக் காக்பிட்டுக்கும் (படகை ஓட்டுகிறவர் உட்காரும் திறந்த இடம்) படகு அறைக்கு மேலே திறக்கிற மேல்மூடிக்கும் பக்கத்தில் வைக்க வேண்டாம். உள்ளே வரும் காற்றுக்கு ஒரு துளை, வெளியே போகும் காற்றுக்கு ஒரு துளை, இரண்டிலும் கொசுவலைக் கம்பி இருக்க வேண்டும்.

ஃபேன் கம்ப்யூட்டரில் இருப்பதைப் போன்ற சின்ன ஃபேன்தான். நாள் முழுக்க ஓடினாலும் இரண்டு ஆம்பியர்-மணியை ஒட்டித்தான் இழுக்கும். சின்ன சோலார் தகடே அதைச் சமாளித்துவிடும். ஒரு ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். வயர் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும், உப்புக்காற்றில் சாதாரணச் செம்பு வயர் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும். படகின் மெயின் சுவிட்சை அணைத்தால் இந்த ஃபேனும் நின்றுவிடாதபடி தனி வழியில் இணையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, கழிப்பறை மூடியைச் சற்றே திறந்து பக்கத்தில் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். இதையே படகின் மேல்மூடிகளைத் திறந்து வைத்து ஒரு தடவை, மூடி வைத்து ஒரு தடவை, காற்று வீசும் நாளில் ஒரு தடவை பாருங்கள். திறந்த மேல்மூடி படகுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சும்போது, வெளியே போக வேண்டிய குழாய்க் காற்று திரும்பி உள்ளே வரலாம். புகை உங்கள் பக்கம் வந்தால் ஃபேன் வலுவானதாக இருக்க வேண்டும், அல்லது குழாயின் வாயை இடம் மாற்ற வேண்டும்.

கோகோபீட் தயாரித்தல்

டிரம்மில் போட பீட் பாசியும் (சதுப்புநிலத்தில் மக்கிய பாசி) உண்டு, கோகோபீட்டும் உண்டு. நான் கோகோபீட் பக்கம். பீட் பாசி உருவாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். கோகோபீட் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூள், பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளிலிருந்து உலகமெங்கும் போகிறது. வட அமெரிக்காவில் செடிக்கடையில் வாங்கும் கட்டி பெரும்பாலும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்ததாகத்தான் இருக்கும். அழுத்திக் கட்டியது என்பதால் படகில் இடத்தையும் அடைக்காது.

650 கிராம் கட்டி ஒன்றை வாளியில் வைத்து, கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பச்சைத்தண்ணீரிலும் அது ஊறும். கொதிநீரைச் சொல்வது, உள்ளே இருக்கக்கூடிய பூச்சி முட்டைகள் சாவதற்கு. டிரம்மில் குட்டி ஈக்கள் மொய்ப்பதற்கு இந்த முட்டைகள் ஒரு முக்கியக் காரணம். ஆறியதும் கையால் உதிர்த்துப் பாருங்கள். புட்டுக்குப் பிசிறிய மாவின் பதம் வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழிந்தால் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், காய்ந்த கோகோபீட் சேருங்கள். டிரம்மில் கலக்கும் கம்பி மூடுகிற அளவுக்குப் போட்டால் போதும், நிரப்ப வேண்டாம். மேலே இடம் இருந்தால்தான் கலக்க முடியும்.

தினசரிப் பழக்கம்

ஆணோ பெண்ணோ எல்லோரும் உட்கார்ந்துதான் போக வேண்டும். விருந்தினர் வந்தால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீர் மட்டும் என்றால் டிரம்முக்கு மேலே நடுவில் உள்ள மூடியைத் திறக்க வேண்டாம். மலம் என்றால் உட்கார்ந்த பின் திறந்து, முடிந்ததும் மூடி, கைப்பிடியை ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். தட்டில் ஏதாவது ஒட்டியிருந்தால் வினிகர் கலந்த தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் அடித்து, காகிதத்தால் துடையுங்கள். பிளீச் வேண்டவே வேண்டாம். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சைப் பிடிக்கும் நச்சு வாயு வரும், அதுவும் ஜன்னலில்லாத அந்தச் சின்ன அறையில். கடல்மயக்கத்தில் வாந்தி வந்தால் அதற்கு வாளிதான், இந்த டிரம் அல்ல.

நம்மவர்களுக்கு உண்மையான சிக்கல் கழுவுவதில் வருகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவியே பழகிய நமக்கு வெறும் காகிதம் மனசுக்கு ஒப்பாது. ஆனால் ஒரு சொம்புத் தண்ணீர் டிரம்முக்குள் போனால் நாலு நாளில் உள்ளே சேறுதான். திருச்சி மாவட்டத்தில் முசிறியில் கட்டிய ஈகோசான் (கழிவைப் பிரித்து உரமாக்கும்) கழிப்பறைகளில் இதற்காகவே கழுவுவதற்குத் தனி இடம் விட்டிருக்கிறார்கள். மலம் ஒரு வழி, சிறுநீர் ஒரு வழி, கழுவின தண்ணீர் ஒரு வழி. படகில் அந்த மூன்றாவது வழி கிடையாது.

எனக்குச் சரியாகப் படும் வழி இது. முதலில் காகிதத்தால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். அந்தக் காகிதம் டிரம்முக்குள் போகலாம், கொஞ்சமாக இருந்தால் மக்கும். பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியாலோ காகிதத்தாலோ இரண்டு மூன்று முறை துடைத்து, அதை மூடி போட்ட தனி டப்பாவில் போட வேண்டும். கடையில் விற்கும் ஈரத்துடைப்பான்களும் அந்த டப்பாவுக்குத்தான், டிரம்மில் அவை மக்காது, கம்பியில் சுற்றிக்கொள்ளும். படகுத்துறையில் நிற்கும்போது கரைக் கழிப்பறைக்குப் போய்விட்டால் இந்தக் கவலையே இல்லை. வீட்டுப் பெரியவர்களைப் படகுக்கு அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. "தண்ணி எங்கப்பா?" என்று கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தபின் விளக்குவது கஷ்டம்.

சிறுநீர்ப் பாட்டிலைத் தினமும் பார்க்க வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் போவார். எட்டு லிட்டர் பாட்டில் இரண்டு பேருக்கு இரண்டு அல்லது மூன்று நாள். நிரம்பி வழிந்தால் அப்புறம் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். உதிரிப் பாட்டில் ஒன்று வாங்கி வையுங்கள். காலி செய்ததும் அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றிக் குலுக்கி விட்டால் உப்புப் படியாது, அம்மோனியா வாசமும் தள்ளிப்போகும். நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பும் முன் பாட்டில் பாதி நிறைந்திருந்தாலும் காலி செய்துவிடுங்கள்.

டிரம்மைக் காலி செய்தல்

தயாரிப்பாளர்கள் 60 முதல் 80 முறை என்று சொல்கிறார்கள். படகிலேயே வாழும் இரண்டு பேருக்கு மூன்று நான்கு வாரம் வரும், வாரக்கடைசி ஓட்டத்துக்கு மட்டும் என்றால் ஒரு பருவம் முழுக்கத் தாங்கலாம். கைப்பிடி சுற்ற முரண்டு பிடித்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். புது மலம் மேலே கிடக்கும்போது காலி செய்யாதீர்கள். ஒரு இரவாவது பயன்படுத்தாமல் விட்டு, காலையில் செய்யுங்கள்.

கையுறை போட்டுக்கொண்டு முதலில் பாட்டிலை எடுத்து மூடுங்கள். ஃபேனை நிறுத்தி, ஓஸைக் கழற்றி, மேல்பாகத்தைத் தூக்கித் தனியே வையுங்கள். கவ்விகளின் திருகைத் தளர்த்தினால் அடிப்பாகம் வெளியே வரும். கனமான குப்பைப் பையை அதன் வாயில் மாட்டி, அப்படியே கவிழ்த்துத் தட்டுங்கள். சுவரில் ஒட்டியிருப்பதைச் சுரண்ட வேண்டாம், கழுவவும் வேண்டாம். அந்த மிச்சம் அடுத்த சுற்றுக்கு நுண்ணுயிர் விதையாக இருக்கும். புதுக் கோகோபீட் போட்டு மறுபடி பொருத்துங்கள். இதைப் படகுக்குள் செய்வதைவிட, காற்றில்லாத நாளில் காக்பிட்டில் செய்வது எளிது.

பையை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி, உள்ளூர் விதி அனுமதித்தால் குப்பையில் போடலாம். குழந்தைகளின் டயப்பர் போகிற இடம்தானே. சில படகுத்துறைகள் தங்கள் குப்பைத்தொட்டியில் இதைப் போட விடுவதில்லை, கேட்டுக்கொள்ளுங்கள். கரையில் வீடும் இடமும் உள்ளவர்கள் மூடி போட்ட வாளியில் சேர்த்துத் தனியே முற்ற விடலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, 20 முதல் 35 டிகிரி இருக்கும் ஊரில் ஒரு வருடத்துக்கு மேல், அதைவிடக் குளிரான ஊரில் ஒன்றரை முதல் இரண்டு வருடம் வைக்க வேண்டும். உருளைப்புழு முட்டைகள் அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கக்கூடியவை. அதன் பிறகும் காய்கறிச் செடிக்குப் போடாமல், பூச்செடிக்கோ மரத்துக்கோ போடுங்கள்.

ஏதாவது சரியில்லை என்றால்

அம்மோனியா நெடி வந்தால் எங்கோ சிறுநீர் டிரம்முக்குள் போகிறது. யாராவது நடுமூடியைத் திறந்து வைத்துச் சிறுநீர் போகிறார்களா, முன் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அழுகல் நாற்றம் என்றால் உள்ளே சேறாகிவிட்டது. காய்ந்த கோகோபீட்டைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக் கலக்கி, ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஈக்கள் வந்தால் கம்பி வலையில் கிழிசல் இருக்கும். வலையை மாற்றி, டயட்டோமேசியஸ் மண்ணை (பூச்சிகளைக் காய வைத்துக் கொல்லும் ஒரு மண்தூள்) கொஞ்சம் மேலே தூவுங்கள். அதைத் தூவும்போது ஃபேனை நிறுத்திவிட்டு முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

குளிர்காலத்தில் படகுக்குள் 12 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மக்குவது ஏறக்குறைய நின்றேவிடும். கழிப்பறையைப் பயன்படுத்துவதில் தடையில்லை, சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான். படகைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றால் டிரம்மையும் பாட்டிலையும் காலி செய்துவிட்டுப் போங்கள். பாட்டிலில் மிச்சம் இருந்து உறைந்தால் பிளாஸ்டிக் விரிசல் விடும்.